நனைந்த தோட்டா

மட்டாஞ்சேரியில் ஆறு மாதம் மழை பெய்யும். மீதி ஆறு மாதம் அது விட்டுச் சென்ற ஈரத்தைத் துடைத்துக்கொண்டிருப்போம். அகராதியின் அட்டையில் பூஞ்சணம், உப்பு ஜாடியில் தண்ணீர், பீரோ பூட்டில் துரு. எங்கள் தெருவில் வசிக்கும் ஓய்வுபெற்ற தோட்ட மேலாளர் ஒருவரின் பீரோவில் இவற்றோடு ஒரு ரிவால்வரும் இருக்கிறது. மலையில் ஏலக்காய்த் தோட்டத்தைக் கவனித்துக்கொண்டிருந்த காலத்தில் உரிமம் பெற்று வாங்கியது. தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைப்பார். முடிந்ததும் திரும்ப வாங்கி வந்து எண்ணெய் போட்டு வைப்பார். அதைச் சுட்டுப் பார்த்துப் பல வருடங்களாகிவிட்டன.

போன மழைக்காலத்தில் ஒருநாள் வந்து கேட்டார்: "சாரே, இதை ஒரு ராத்திரி பக்கெட் தண்ணீரில் போட்டு வைத்துவிட்டு, காலையில் எடுத்து இரண்டு தடவை சுட்டுப் பார்த்தால் என்ன? நம்பலாமா, கூடாதா என்று தெரிந்துவிடுமே." ராணுவம் பற்றிய கட்டுரைகளை நான் மொழிபெயர்த்ததுண்டு. அந்த ஒரு தகுதியை நம்பி என்னிடம் வந்திருந்தார்.

கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. உலகில் எந்த ராணுவமும் ஒரு துப்பாக்கியைப் படையில் சேர்ப்பதற்கு முன் இதைத்தான் செய்கிறது. தண்ணீரில் மூழ்கடிக்கிறது, சேற்றில் புரட்டுகிறது, மணலைத் தூவுகிறது, உறையவைக்கும் குளிரில் வைத்து எடுக்கிறது, உயரத்திலிருந்து கீழே போடுகிறது. 1980களில் அமெரிக்க ராணுவம் புதிய கைத்துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்க நடத்திய சோதனைகளில் உப்புநீரும் சேறும் இடம்பெற்றன. 1985ல் இத்தாலியின் பெரெட்டா தேர்வு பெற்றது. சோதனையைத் தவறான இடத்தில் நடத்தினால் என்ன ஆகும் என்பதற்கு நம்மிடமே உதாரணம் உண்டு. 1999 கார்கில் போரில், நாமே வடிவமைத்த இன்சாஸ் துப்பாக்கியின் பிளாஸ்டிக் தோட்டா உறைகள் மலைக்குளிரில் விரிசல் விட்டதாகப் புகார் வந்தது. சமவெளியில் சரியாக இருப்பது பனியில் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

ஆனால் ராணுவம் மூழ்கடிக்கும் துப்பாக்கி யாருடைய இடுப்பிலும் தொங்கப் போவதில்லை. சோதனைக்கென்றே ஒதுக்கியது அது. உடைந்தால் எழுதி வைத்துக்கொண்டு அடுத்ததை எடுப்பார்கள். நம் நண்பரிடம் இருப்பது ஒன்றே ஒன்று. இரவு முழுக்க ஊறினால் விசை, சுருள்வில், சின்னத் திருகாணிகள் என்று கைக்கு எட்டாத இடத்திலெல்லாம் ஈரம் இறங்கும். உப்புக் காற்று அடிக்கும் ஊரில் துரு பிடிக்க அது போதும். குழலில் தண்ணீர் நின்றிருக்கும்போது சுட்டால், குண்டு போக வழியில்லாமல் குழல் புடைத்துக்கொள்ளவும் கூடும். சோதனைக்கு முன் நன்றாக இருந்த ஆயுதம் சோதனையாலேயே கெட்டுப்போகும்.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. ஈரத்துக்கு முதலில் பலியாவது பெரும்பாலும் துப்பாக்கியல்ல, தோட்டா. சரித்திரமும் அதைத்தான் சொல்கிறது. 1757 ஜூன் 23ஆம் தேதி பிளாசியில் நண்பகல் வாக்கில் மழை கொட்டியது. கிளைவின் ஆட்கள் வெடிமருந்தைத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். நவாப் சிராஜ் உத்தௌலாவின் படையில் மூடவில்லை. ஆங்கிலேயரின் மருந்தும் நனைந்திருக்கும் என்று நம்பி முன்னேறிய தளபதி மீர் மதன் பீரங்கிக் குண்டுக்கு இரையானார். அன்று தோற்றதற்குத் துரோகம் பெரிய காரணம்தான். ஆனால் அந்த அரை நாளில் தார்ப்பாய்க்கும் பங்கு இருந்தது. நூறு வருடம் கழித்து, 1857ல், சிப்பாய்களைக் கொதிக்கவைத்த தோட்டாக் காகிதத்தின் கொழுப்பும் குண்டு எளிதாகக் குழலில் இறங்குவதற்கும், ஈரம் தாக்காமல் இருப்பதற்கும் பூசப்பட்டதுதான்.

இன்றைய தோட்டா பித்தளைக் கூட்டுக்குள் அடங்கியது. அடியில் தீப்பொறி கொடுக்கும் சிறு மூடி, உள்ளே மருந்து, நுனியில் ஈயக் குண்டு. ராணுவத்துக்குச் செய்யும் தோட்டாக்களில் மூடியின் ஓரத்திலும் குண்டு பொருந்தும் இடத்திலும் மெழுகு போன்ற பூச்சு வைத்து அடைத்திருப்பார்கள். அது சரியாக இருக்கும்வரை கொஞ்சநேரம் தண்ணீரில் கிடந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆனால் எல்லாத் தோட்டாவுக்கும் அந்தப் பூச்சு கிடையாது. பித்தளையில் களிம்பு ஏறி, வருடங்கள் ஓடிய பிறகு உள்ளே ஈரம் போயிற்றா இல்லையா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அக்கறையோடு போடும் துப்பாக்கி எண்ணெயும் கசிந்து உள்ளே போய் மருந்தைக் கெடுக்கும்.

களிம்பை மலையாளத்தில் 'க்ளாவு' என்பார்கள். 2025 மார்ச்சில் அந்தச் சொல் எர்ணாகுளத்துப் பத்திரிகைகளில் அடிபட்டது. மாவட்ட ஆயுதப்படை முகாமில் ஒரு போலீஸ்காரரின் இறுதிச் சடங்குக்கு மரியாதை வேட்டு போட வேண்டியிருந்தது. எடுத்த வெற்றுத் தோட்டாக்களில் க்ளாவு பிடித்திருந்தது. வழக்கமாக வெயிலில் காயவைப்பார்கள், அன்று நேரமில்லை. ஆயுதக் கிடங்கின் பொறுப்பிலிருந்த சப்-இன்ஸ்பெக்டர் அவற்றைச் சமையலறைக்குக் கொண்டுபோய் வாணலியில் போட்டு வறுத்தார். வெடித்தன. பக்கத்திலேயே சமையல் வாயு சிலிண்டர்கள். யாருக்கும் காயமில்லை என்பது அதிர்ஷ்டம். விசாரணைக்கு உத்தரவானது.

ஊரே சிரித்தது. எனக்கு அந்த அதிகாரியைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றவில்லை. தோட்டா மருந்து தீப்பிடிக்க இருநூறு டிகிரி வெப்பம்கூட வேண்டாம். கடுகு தாளிக்கிற வாணலி அதைத் தாண்டிவிடும். இது தெரியாமல் செய்தது தப்புதான். ஆனால் களிம்பு பிடித்த தோட்டா இழவு வீட்டுக்குப் புறப்படும் நாளில்தான் கண்ணில் பட்டது என்றால், அதற்கு முந்தைய மாதங்களில் யார் அதைப் பார்த்தார்கள்?

மாட்டிக்கொள்ளாமல் போன இடத்தில் அவமானம் நேர்ந்தது. 2019 ஆகஸ்டில் பீகாரின் முன்னாள் முதல்வர் ஜகந்நாத் மிஸ்ராவின் உடலுக்கு அரசு மரியாதை. 22 துப்பாக்கிகள் வானத்தை நோக்கி உயர்ந்தன. விசையை இழுத்தார்கள். ஒன்றுகூட வெடிக்கவில்லை. அன்றைய முதல்வர் நிதிஷ் குமார் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். வானத்தைப் பார்த்துச் சுடும்போது வெடிக்காவிட்டால் தலைகுனிவோடு போய்விடும். இருட்டில் ஒருவன் எதிரே நிற்கும்போது வெடிக்காவிட்டால்? நனைந்த சட்டையோடு இரவு ரோந்து போகும் போலீஸ்காரரின் உயிர் அந்தக் கேள்வியில்தான் தொங்குகிறது.

தோட்டாவைச் சோதிப்பதில் ஒரு வேடிக்கை உண்டு. சுட்டுப் பார்த்தால்தான் நல்லதா என்று தெரியும். சுட்ட பிறகு அது இல்லை. ஆகவே ஒன்றைச் சுட்டு மற்றவற்றைப் பற்றி ஊகிக்க வேண்டும். எங்கள் மிளகுக் கிடங்குகளில் தினமும் நடப்பது இதுதான். குத்தூசியைச் சாக்கில் செருகி ஒரு பிடி எடுப்பார்கள். உள்ளங்கையில் தேய்த்து, பல்லில் கடித்து, ஈரம் எவ்வளவு என்று சொல்வார்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். ஆனால் எல்லாச் சோறும் ஒரே பானையில் வெந்திருக்க வேண்டுமே. ஒரே தொழிற்சாலையில், ஒரே காலத்தில் செய்து, ஒரே அறையில் வைத்த பெட்டியிலிருந்து பத்தைச் சுட்டுப் பார்த்தால் மீதியைப் பற்றிச் சொல்லலாம். நண்பரின் டப்பாவில் இருப்பது வெவ்வேறு வருடங்களில் வாங்கிய மிச்சம் மீதிகள். இரண்டு வெடித்தால் மூன்றாவது வெடிக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

அதோடு சட்டமும் இருக்கிறது. உரிமத்திலேயே இத்தனை தோட்டா என்று எண்ணிக்கை எழுதியிருக்கும். கொண்டாட்டத்தில் அலட்சியமாகச் சுட்டுப் பிறர் உயிருக்கு ஆபத்து உண்டாக்குகிறவருக்கு இரண்டு வருடம்வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும் என்று 2019 திருத்தம் சொல்கிறது. பக்கெட் சோதனை கொண்டாட்டமில்லை என்றாலும், மட்டாஞ்சேரி மாதிரி வீட்டோடு வீடு ஒட்டிய இடத்தில் குண்டு எந்தச் சுவரைத் துளைக்கும் என்று யார் சொல்வது?

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். துப்பாக்கியை உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடம் கொடுத்துப் பிரித்துத் துடைக்கச் சொல்லலாம். பழைய தோட்டாக்களைத் தானே வறுக்காமல், காயவைக்காமல், குப்பையிலும் போடாமல், அதே வியாபாரியிடமோ காவல் நிலையத்திலோ கணக்கு எழுதி ஒப்படைக்கலாம். புதியதில் நாலைந்தை முறையான பயிற்சித் தளத்தில் சுட்டுப் பார்க்கலாம். வெடிக்காத தோட்டா தாமதமாக வெடிப்பதும் உண்டு. முனையைப் பாதுகாப்பான திசையில் வைத்து அரை நிமிடமாவது பொறுக்க வேண்டும்.

அரசாங்கத்துக்கும் இதே யோசனைதான். ஒவ்வொரு மழைக்காலமும் முடிந்ததும் ஒவ்வொரு முகாமிலும் பெட்டிக்கு இத்தனை என்று எடுத்துச் சுட்டுப் பார்ப்பதும், சந்தேகமானதைத் தயங்காமல் கழிப்பதும் பெரிய செலவில்லை. கழிப்பதற்குக் கோப்பு நகர வேண்டும். கோப்பு நகராத இடத்தில் வாணலி அடுப்பில் ஏறுகிறது.

நண்பர் தலையாட்டிக்கொண்டு கேட்டார். "அப்போ பக்கெட்?" என்றார். துணி ஊறவைக்கலாம் என்றேன். மறுவாரம் டப்பாவை எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனார். எழுதிக்கொண்ட போலீஸ்காரர் தோட்டாக்களைப் பார்த்து, "எங்களுடையதைவிட இது தேவலை" என்றாராம். அவர் விளையாட்டுக்குத்தான் சொல்லியிருப்பார் என்று நம்ப விரும்புகிறேன்.