ஸ்தல ஸ்தாபனங்களும் சீதோஷ்ண மாறுதலும்

சென்னைக் கார்ப்பரேஷனார் 2023-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் காலநிலைச் செயல் திட்டம் என்று ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார்கள். சென்னை நகரம் காற்றில் விடுகிற கரியமில வாயுவையும் அதைச் சேர்ந்த மற்ற வாயுக்களையும் குறைத்துக் கொண்டே வந்து, 2050-க்குள் விடுவதும் உறிஞ்சப்படுவதும் சரிக்குச் சரியாகிவிட வேண்டும் என்பதும், வெள்ளம், வெயில், கடல் ஏற்றம் ஆகியவைகளிலிருந்து ஜனங்களைக் காக்க வேண்டும் என்பதும் அதன் நோக்கமாகும். நோக்கத்தில் நமக்கு ஆட்சேபணை சிறிதும் இல்லை. ஆனால் வேதம் என்று சொன்னவுடன் திறந்து பாராமலே கன்னத்தில் போட்டுக் கொண்டு பழகிய நம் ஜனங்கள், இப்போது திட்டம் என்று சொன்னாலும் அப்படியே கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்பதுதான் நமது பயம். கும்பிடுவதற்கு அது வேதமல்ல, கணக்குப் புத்தகம். கணக்கு என்றால் யார் செய்வது, எப்போது செய்வது, எவ்வளவு பணத்தில் செய்வது என்று கேட்க வேண்டியது வரி கொடுப்பவனுடைய கடமையாகும்.

விஷயம் இன்னதென்று முதலில் தெரிந்து கொள்ள வேண்டும். நிலக்கரியையும் எண்ணெயையும் எரிப்பதால் கரியமில வாயு உண்டாகிறது. அது பூமியின் சூடு வெளியேறாதபடி போர்வை போல் மூடிக் கொள்கிறது. இது யாரும் தவமிருந்து கண்ட உண்மையல்ல. 1859-இல் டிண்டால் என்ற விஞ்ஞானி வாயுக்களைக் குழாயில் அடைத்து, அவை எவ்வளவு சூட்டை வாங்கிக் கொள்கின்றன என்று அளந்து பார்த்தார். 1896-இல் அரீனியஸ் என்பவர் காற்றில் இந்த வாயு பெருகினால் பூமி எவ்வளவு சூடாகும் என்று கணக்குப் போட்டார். யந்திரத் தொழில் பெருகுமுன் காற்றின் பத்து லட்சம் பங்கில் 280 பங்காக இருந்த இந்த வாயு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. ஆகவே இதில் தெய்வ கோபமும் இல்லை, கலிகாலமும் இல்லை. மனிதன் செய்த காரியம். மனிதனே மாற்ற வேண்டிய காரியம்.

ஆனால் நம் நாட்டில் நடந்தது என்ன? 2019 கோடையில் தண்ணீர்ப் பஞ்சம் தலைகாட்டியவுடன், இந்து சமய அறநிலையத் துறை கோயில்களில் மழைக்காக யாகம் நடத்தும்படி சுற்றறிக்கை அனுப்பிற்று. மழை ராகங்களும் வாசிக்கச் சொல்லிற்று. ஜூன் மாதத்தில் மந்திரிகளே யாகத்தில் உட்கார்ந்தார்கள். அதே மாதத்தில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வற்றிக் கிடந்தன. கடைசியில் ஜூலை 12-ந் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வந்து சேர்ந்தது. யாகம் மழையைக் கொண்டுவரவில்லை. ரயில் தண்ணீரைக் கொண்டுவந்தது. அதற்கு நான்கு வருஷத்திற்கு முன், 2015 டிசம்பரில், இதே நகரம் வெள்ளத்தில் மிதந்தது. செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீரைத் திறந்துவிட்ட விதத்தை ஆராய்ந்த மத்திய கணக்குத் தணிக்கை அறிக்கை, அது மனிதரால் உண்டான நாசம் என்று 2018-இல் சொல்லிற்று. ஆகவே குற்றத்தை வருணன் தலையில் போட்டுத் தப்பித்துக் கொள்ள யாருக்கும் இடமில்லை.

நிற்க, திட்டத்தின் கணக்கைப் பார்ப்போம். 2018-19-இல் சென்னை நகரம் விட்ட வாயு சுமார் 1 கோடியே 44 லட்சம் டன் என்று அதில் கண்டிருக்கிறது. இதில் நூற்றுக்கு 72 பங்கு வீடு, கடை, ஆலை, ஆபீசு முதலிய கட்டிடங்களில் செலவாகும் மின்சாரத்தாலும் எரிபொருளாலும், 16 பங்கு வண்டிகளாலும், 12 பங்கு குப்பை, சாக்கடைகளாலும் உண்டாவது. இங்குதான் ஒரு கேள்வி பிறக்கிறது. மின்சாரம் உண்டாக்குவது கார்ப்பரேஷனா? இல்லை. எண்ணூர்ப் பக்கத்தில் நிலக்கரி எரிவதை நிறுத்த மேயருக்கு அதிகாரம் உண்டா? இல்லை. பஸ் ஓட்டுவதும் கார்ப்பரேஷன் அல்ல. பெரும் பங்கு மாகாண சர்க்காரின் கையிலும் மத்திய சர்க்காரின் கையிலும் இருக்கும்போது, கார்ப்பரேஷன் புத்தகத்தில் மட்டும் 2050 என்று எழுதிவிட்டால் வாயு குறைந்துவிடுமா? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. எந்த வேலை எவர் பொறுப்பு என்று பிரித்துக் காட்டி, சர்க்கார் செய்ய வேண்டியதைச் சர்க்காரிடம் கேட்டு வாங்குவதுதான் ஸ்தல ஸ்தாபனத்தின் யோக்கியமான வேலை.

சரி, தன் கையில் உள்ளதையாவது கார்ப்பரேஷன் ஒழுங்காகச் செய்கிறதா என்றால், குப்பையைப் பாருங்கள். குப்பை முழுக்க முழுக்க கார்ப்பரேஷனின் வேலை. ஈரக் குப்பையை மேடாய்க் குவித்தால் அது அழுகி மீதேன் என்னும் வாயுவை விடுகிறது. அது கரியமில வாயுவைவிட இருபது மடங்குக்கு மேல் சூடுபிடிக்கக் கூடியது. பெருங்குடிக் குப்பை மேடோ, வெள்ளத்தை உறிஞ்ச வேண்டிய பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்திலேயே குவிக்கப்பட்டது. 2022 ஏப்ரலில் அது பற்றி எரிந்து பல நாள் புகைந்தது. இதற்குப் பரிகாரம் வீட்டிலேயே குப்பையைப் பிரித்து வாங்கி உரமாக்குவதுதான். அதை விட்டுவிட்டு, கொடுங்கையூரில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் பெரிய ஆலைக்குத் திட்டம் போட்டார்கள். 2025-இல் வடசென்னை வாசிகள் கைகோத்து நின்று அதை எதிர்த்தார்கள். புகையைக் குறைக்க ஒரு புத்தகம், புகைவிட ஓர் ஆலை! இரண்டையும் ஒரே கார்ப்பரேஷன் போட்டால் ஜனங்கள் எதை நம்புவது?

இதைவிட முக்கியமான சங்கதி ஒன்று உண்டு. வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லி, 2015-க்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளில் இருந்த ஏழைக் குடும்பங்களைக் கிளப்பிப் பெரும்பாக்கத்து அடுக்கு வீடுகளில் கொண்டுபோய் வைத்தார்கள். அது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடுத்த தாழ்ந்த பூமி. அங்கும் வெள்ளம் வருகிறது. வேலையோ பழைய இடத்தில், பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் பழைய இடத்தில். அதே சதுப்பு நிலத்தில் பெரிய கட்டிடங்கள் கட்டியவர்களைக் கிளப்பத் துணிந்தார்களா? குளிர்யந்திரம் வைத்துக் கொண்டு அதிக வாயு விடுகிறவன் மேட்டில் இருக்கிறான். மின்விசிறிக்கும் வழியில்லாதவன் தண்ணீரில் நிற்கிறான். இந்த அநியாயத்தைத் தொடாத திட்டம் எந்தப் பெயரில் வந்தாலும் பழைய மேல்-கீழ் முறையின் புதுப் பதிப்பேயாகும்.

பாஷை விஷயமும் அப்படியே. 2022 செப்டம்பரில் இதன் வரைவை ஜனங்களின் அபிப்பிராயத்திற்கென்று வெளியிட்டபோது அது முதலில் இங்கிலீஷில்தான் வந்தது. தமிழில் வேண்டும் என்று பலர் ஆட்சேபித்த பிறகே தமிழுக்கு வழி பிறந்தது, கெடுவும் நீண்டது. காசிமேட்டு மீனவருக்கும் வியாசர்பாடித் தொழிலாளிக்கும் விளங்காத பாஷையில் அவர்கள் உயிரைப் பற்றிய திட்டத்தை எழுதினால், மந்திரத்திற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

இவ்வளவு சொல்வதால் ஸ்தல ஸ்தாபனங்களால் ஒன்றும் ஆகாது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 2010 மே மாத வெயிலில் ஆமதாபாத்தில் வழக்கத்தைவிட 1,300 பேருக்கு மேல் அதிகமாய் மாண்டார்கள் என்று ஆராய்ச்சியாளர் கணக்கிட்டார்கள். அந்த நகர கார்ப்பரேஷன் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றிக் கொண்டிருக்கவில்லை. 2013-இல் வெயில் திட்டம் ஒன்று போட்டு, முன்கூட்டி எச்சரிக்கை செய்வது, ஆஸ்பத்திரிகளைத் தயாராக்குவது, தண்ணீர்ப் பந்தல் வைப்பது என்று ஒவ்வொரு வேலைக்கும் பொறுப்பாளியை நியமித்தது. அவ்வளவு தூரம் போவானேன்? மேட்டுப்பாளையத்திற்குப் பக்கத்து ஓடந்துறைப் பஞ்சாயத்தார் 2006-இல் சுமார் 1 கோடியே 55 லட்சம் ரூபாயில், பெரும்பகுதி பாங்கிக் கடனாக வாங்கி, 350 கிலோவாட் காற்றாலை ஒன்று பஞ்சாயத்துக்கே சொந்தமாக வைத்தார்கள். மிச்ச மின்சாரத்தைச் சர்க்காருக்கு விற்று அந்த வருமானத்தில் கடனைக் கட்டினார்கள். ஒரு கிராமத்தாருக்கு இருந்த தைரியம் மற்ற ஊராருக்கு ஏன் இருக்கக் கூடாது?

ஆகவே தோழர்களே! கிராமங்களில் வருஷத்திற்கு ஆறு தடவை கிராம சபை கூடுகிறது. நகரங்களிலும் வார்டு கமிட்டி, பகுதி சபைகளுக்கு 2022-இல் விதிகள் வந்துவிட்டன. அங்கே போய்க் கேளுங்கள்: எங்கள் வட்டத்தில் இந்த வருஷம் ஆகப் போகும் வேலை என்ன? அதற்குப் பட்ஜெட்டில் ஒதுக்கிய தொகை எவ்வளவு? பொறுப்பான அதிகாரி யார்? போன வருஷம் சொன்னதில் எவ்வளவு முடிந்தது? எங்கள் குளத்தையும் கால்வாயையும் யார் ஆக்கிரமித்திருக்கிறார்கள்? பதிலைத் தமிழில் எழுதி ஆபீசு சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். பதில் வராவிட்டால் அடுத்த கூட்டத்திலும் கேளுங்கள். ஓட்டுக் கேட்க வரும்போதும் அதையே கேளுங்கள்.

2050 என்பது தூரத்தில் இருக்கிறது. அன்று பதில் சொல்ல இன்றைய மேயரும் இருக்க மாட்டார், கமிஷனரும் இருக்க மாட்டார். ஆனால் வடகிழக்குப் பருவமழை இந்த வருஷமே வரும். அதற்கு முன் உங்கள் தெருக் கால்வாய் தூர் எடுக்கப்பட்டதா என்பதிலிருந்து கணக்குக் கேட்கத் தொடங்குங்கள்.