மருந்தின் விலையை மறைப்பது யாருக்கு லாபம்?

ஒரு மருந்தைப் பற்றி ஒரு மனிதன் தெரிந்துகொள்ள வேண்டியவை எவை? அது எந்த வியாதிக்கு உகந்தது, எத்தனை வேளை சாப்பிட வேண்டும், சாப்பிட்டால் என்ன கெடுதல் வரக்கூடும், கர்ப்பிணிகளுக்கு ஆகுமா ஆகாதா என்று தெரிந்தால் போதும் என்கிறார்கள் படித்தவர்களில் ஒரு சாரார். போதாது, அதன் விலை என்னவென்பதும் தெரிய வேண்டும் என்கிறார்கள் மற்றொரு சாரார். இந்தத் தர்க்கம் சில ஆண்டுகளுக்கு முன்னால் உலகத்தின் மிகப் பெரிய கலைக்களஞ்சியத்திலே பெரும் சண்டையாக மூண்டது.

சண்டையிட்டவர்கள் டாக்டர்களும் படிப்பாளிகளும்தான். ஆனால் விளைவு வந்து விடிவது யார் தலையில்? மருந்துக்கடை வாசலில் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, மடியிலிருக்கும் பணத்தை எண்ணிப் பார்க்கும் ஆலைத் தொழிலாளியின் தலையில்! பத்து நாள் மாத்திரையை நாலு நாளைக்கு மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பும் விவசாயத் தொழிலாளியின் தலையில்! ஆகவே இதில் நமக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு; அதைச் சொல்ல உரிமையும் உண்டு.

கூலி வாங்காத உழைப்பு

விக்கிப்பீடியா என்பது 2001 ஜனவரியில் தொடங்கிய கலைக்களஞ்சியம். இணையத்திலே இருக்கிறது, செல்போன் வைத்திருக்கும் எவரும் காசு கொடுக்காமல் படிக்கலாம். அதில் எவர் வேண்டுமானாலும் எழுதலாம், எவர் எழுதியதையும் திருத்தலாம். 2003 முதல் தமிழிலும் நடந்து வருகிறது. எழுதுகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. முதலாளித்துவ உலகத்தின் நடுவிலே, லட்சக்கணக்கான மனிதர்கள் லாபத்தை எண்ணாமல் கூடி உழைத்துக் கட்டிய பொதுச்சொத்து அது. பணத்தாசை இல்லாவிட்டால் மனிதன் வேலை செய்ய மாட்டான் என்று ஓதுகிறவர்கள் இதைப் பார்த்து வாயை மூடிக்கொள்ளட்டும்!

மருத்துவக் கட்டுரைகளைக் கவனிக்க 2004-லிருந்தே ஒரு தொண்டர் குழு அங்கே வேலை செய்கிறது. டாக்டர்கள், தாதிகள், மாணவர்கள், நோயாளிகளே கூட அதில் இருக்கிறார்கள். அவர்கள் தங்களுக்கென்று கறாரான ஒரு விதி வகுத்துக்கொண்டார்கள். எவரோ ஒருவர் பத்து எலிகளிடம் சோதித்தார், மருந்து பலித்தது என்ற செய்தியை வைத்து எழுதக் கூடாது. பல சோதனைகளைச் சேர்த்து நிறுத்துப் பார்த்த ஆய்வுரைகள், பெரிய மருத்துவ சபைகளின் வழிகாட்டுதல்கள் ஆகியவற்றை ஆதாரமாகக் காட்ட வேண்டும். ஆதாரம் இல்லாத வரி நீக்கப்படும்.

இந்த விதி நல்ல பலன் கொடுத்தது. டெங்கு காய்ச்சலைப் பற்றி அவர்கள் எழுதிய கட்டுரை 2014-ல் நிபுணர்களின் பரிசீலனைக்குப் பின் ஒரு மருத்துவ சஞ்சிகையிலே வெளிவந்தது. அதே ஆண்டில் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது, அதைப் பற்றிய கட்டுரையை லட்சக்கணக்கான ஜனங்கள் தேடிப் படித்தார்கள். பல மொழிகளில் அது பெயர்க்கப்பட்டது. கொரோனா ஆண்டான 2020-ல் உலக சுகாதார ஸ்தாபனமே இந்தக் கலைக்களஞ்சியத்தோடு கைகோத்தது.

கம்பெனிகளும் இதன் சக்தியை உணர்ந்தே இருக்கின்றன. எந்தத் திருத்தம் எந்த அலுவலகக் கணினியிலிருந்து செய்யப்பட்டது என்று 2007-ல் துருவிப் பார்த்தபோது, பெரிய மருந்துக் கம்பெனிகளின் கணினிகளிலிருந்து தங்கள் சரக்கின் கெடுதலைப் பற்றிய வரிகள் அழிக்கப்பட்டிருந்தது அம்பலமாயிற்று. பத்திரிகைகள் அதை வெளியிட்டன. தொண்டர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காப்பது காரணமில்லாமல் அல்ல.

சண்டை எதில் மூண்டது?

சரி, விலை விஷயத்துக்கு வருவோம். இந்தத் தொண்டர்களில் சிலர், ஏழை நாட்டு ஜனங்களை மனதில் வைத்து, நூற்றுக்கணக்கான மருந்துக் கட்டுரைகளில் விலையைச் சேர்த்தார்கள். வளரும் நாடுகளில் இதன் மொத்த விலை இவ்வளவு, அமெரிக்காவில் இவ்வளவு, பிரிட்டனில் சர்க்கார் மருத்துவ சேவைக்கு ஆகும் செலவு இவ்வளவு என்று ஒரு வரி. அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு வரியின் மேல் எத்தனை வாக்குவாதம்! 2019 இறுதியில் சண்டை முற்றியது. 2020-ல் எல்லோர் கருத்தும் கேட்கப்பட்டது. ‘விலை பொதுவாக வேண்டாம், ஒரு மருந்தின் விலையைப் பற்றியே நம்பத்தகுந்த ஆதாரங்கள் விரிவாக விவாதித்திருந்தால் எழுதலாம்’ என்ற முடிவுக்கு வந்தார்கள். விஷயம் தொண்டர்கள் தேர்ந்தெடுத்த தீர்ப்புக் குழு வரை போயிற்று. விலை சேர்ப்பதில் முன்னின்ற ஒரு டாக்டர், கட்டுரைகளில் மருந்து விலை பற்றி இனித் திருத்தம் செய்யக் கூடாது என்று அக்குழு அந்த ஆண்டிலேயே தடை போட்டது.

விலை வேண்டாம் என்றவர்கள் எல்லாம் கம்பெனிகளின் கையாட்கள் என்று நாம் சொல்லமாட்டோம். அப்படிச் சொன்னால் அது அவதூறு. அவர்கள் வாதத்தில் சரக்கு இருக்கிறது. என்ன சொன்னார்கள்?

விலைகள் எடுக்கப்பட்டது, சர்க்கார்களும் சேவை ஸ்தாபனங்களும் மொத்தமாக வாங்கும் விலைகளின் ஒரு பட்டியலிலிருந்து. சில மருந்துகளுக்கு அதில் ஒரே ஒரு விற்பனையாளர் சொன்ன விலைதான் இருந்தது. ஒருவன் சொன்ன விலையை ‘வளரும் நாடுகளின் விலை’ என்று எழுதலாமா? பட்டியலில் இருப்பது ஒரு மாத்திரையின் விலை. அதை மாதக் கணக்காகப் பெருக்கிப் போட்டது எழுதியவரின் சொந்தக் கணக்கு. ஆண்டுகள் கழிந்து அந்த எண் பழசாகிவிடும், படிப்பவன் ஏமாறுவான். கலைக்களஞ்சியம் கடைக்காரனின் விலைப்பட்டியலும் அல்ல.

இவற்றை நாம் ஒப்புக்கொள்கிறோம். வியாதியைப் பற்றி ஒரு வரி எழுத எவ்வளவு கறாரான ஆதாரம் வேண்டுமோ, விலையைப் பற்றி எழுதவும் அவ்வளவு வேண்டும். தவறான விலை ஏழைக்கும் உதவாது. ஆனால் இதோடு விஷயம் முடிந்துவிட்டதா? இல்லை. இங்கேதான் ஆரம்பமாகிறது!

விலை எங்கே பிறக்கிறது?

காய்ச்சலுக்குக் காரணம் கிருமி என்று எழுதுகிறோம். மருந்து இருந்தும் நோயாளி செத்தால் அதற்குக் காரணம் என்ன என்று எழுத வேண்டாமா? சில உதாரணங்களைப் பாருங்கள்.

ஈரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் ‘சி’ வியாதியைக் குணமாக்கும் சோபோஸ்புவிர் மாத்திரை 2013-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. பன்னிரண்டு வார மருந்துக்குக் கம்பெனி வைத்த விலை 84,000 டாலர். ஒரு மாத்திரை 1,000 டாலர். அதே பன்னிரண்டு வார மருந்தைப் பெருமளவில் தயாரிக்க 68 முதல் 136 டாலர் வரைதான் ஆகும் என்று லிவர்பூல் சர்வகலாசாலை ஆய்வாளர்கள் 2014-ல் கணக்கிட்டார்கள். இதற்கு வியாபாரம் என்றா பெயர்? பகற்கொள்ளை!

டாராப்ரிம் 1950-களிலிருந்து இருந்துவரும் பழைய மாத்திரை. அதைக் கண்டுபிடிக்க 2015-ல் எவரும் ஒரு சல்லி செலவழிக்கவில்லை. ஆனாலும் விற்கும் உரிமையை வாங்கிய ஒரு கம்பெனி, அந்த ஆண்டிலே 13.50 டாலராக இருந்த விலையை ஒரே பாய்ச்சலில் 750 டாலராக உயர்த்தியது. ஆராய்ச்சிச் செலவுக்காகத்தான் விலை என்னும் பாட்டு அன்றைக்கே ஊமையாகிவிட்டது.

நம் சென்னையிலேயே நடந்த கதையும் உண்டு. ரத்தப் புற்றுநோயில் ஒரு வகைக்கு இமாட்டினிப் என்னும் மாத்திரையைத் தினந்தோறும் சாப்பிட வேண்டும். நோவார்ட்டிஸ் கம்பெனியின் மாத்திரை மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாய். இந்தியக் கம்பெனிகள் தயாரித்தது 8,000 முதல் 10,000 ரூபாய் வரை. அந்த மருந்தின் புதிய வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் கேட்ட பேட்டண்ட் உரிமையைச் சென்னை பேட்டண்ட் அலுவலகம் 2006-ல் நிராகரித்தது. பழைய மருந்தைக் கொஞ்சம் மாற்றிவிட்டுப் புது ஏகபோகம் கேட்கக் கூடாது என்னும் சட்டப் பிரிவே செல்லாது என்று கம்பெனி சென்னை ஹைகோர்ட்டில் வழக்காடி 2007-ல் தோற்றது. சுப்ரீம் கோர்ட்டிலும் 2013 ஏப்ரல் முதல் தேதி தோற்றது. அந்தப் பிரிவு எப்படி வந்தது? 2005-ல் பேட்டண்ட் சட்டம் உலக வர்த்தக ஸ்தாபனத்தின் நிர்ப்பந்தத்துக்கேற்பத் திருத்தப்பட்டபோது, பார்லிமெண்டில் இடதுசாரிகள் விடாப்பிடியாக வாதாடியதால் இத்தகைய பாதுகாப்புகள் வலுப்பெற்றன.

இன்னும் பின்னே போனால், 1961-ல் அமெரிக்க செனட்டின் கீபாவர் குழுவே, இந்தியாவின் மருந்து விலை உலகத்திலேயே மிக அதிகமானவற்றில் ஒன்று என்று அறிக்கை கொடுத்தது. அன்று இங்கே அமலில் இருந்தது வெள்ளைக்காரன் காலத்துப் பேட்டண்ட் சட்டம். 1970-ல் புதுச் சட்டம் வந்தது. மருந்துப் பொருளின் மேலிருந்த ஏகபோகம் ஒழிந்தது. இந்தியாவிலே மலிவான மருந்து பெருகிற்று. 2001-ல் எய்ட்ஸ் நோய்க்கான கூட்டு மருந்தை நாளைக்கு ஒரு டாலருக்கும் குறைவாகத் தருகிறோம் என்று சிப்ளா கம்பெனி முன்வந்தபோது, மேல்நாட்டுக் கம்பெனிகள் ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் கறந்துகொண்டிருந்தன.

இதிலிருந்து தெரிவது என்ன? மருந்தின் விலை மழை வெயில் மாதிரி இயற்கையாக வருவதல்ல. சட்டமும் ஏகபோகமும் போராட்டமும் சேர்ந்துதான் அதை நிர்ணயிக்கின்றன. ஆகவே வெறும் எண்ணை ஒரு வரியில் எழுதினால் போதாது. அந்த எண் எப்படி வந்தது என்ற சரித்திரத்தை எழுத வேண்டும். எண் பழசாகும். சரித்திரம் பழசாகாது. கலைக்களஞ்சியத்தின் முடிவிலேயே இதற்கு இடமிருக்கிறது. ஆதாரத்தோடு விவாதிக்கப்பட்ட விலையை எழுதலாம் என்றுதானே சொல்கிறது? அந்தக் கதவு வழியாக நுழைய வேண்டியதுதான்.

ஆதாரத்தைப் பூட்டி வைத்தவன் யார்?

இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். விலைக்கு நல்ல ஆதாரம் இல்லை என்கிறார்கள். ஏன் இல்லை? மாத்திரையின் குணத்தைச் சோதித்து ஆயிரம் ஆய்வுரைகள் வருகின்றன. அதைத் தயாரிக்க ஆகும் செலவு என்ன, சர்க்காருக்குத் தள்ளுபடி போக உள்ளபடி விற்ற விலை என்ன என்பதை மட்டும் கம்பெனி வியாபார ரகசியம் என்று பூட்டி வைத்திருக்கிறது. 2019 மே மாதம் உலக சுகாதார மகாசபையில், சர்க்கார்கள் கொடுக்கும் உண்மை விலையைப் பகிரங்கப்படுத்த வேண்டும் என்ற தீர்மானம் வந்தது. ஆராய்ச்சிச் செலவையும் வெளியிட வேண்டும் என்ற வாசகம் நீர்த்துப்போக வைக்கப்பட்டது. அதன் பிறகும் பிரிட்டனும் ஜெர்மனியும் ஹங்கேரியும் தீர்மானத்தோடு தங்களுக்குச் சம்பந்தமில்லை என்று விலகிக்கொண்டன! திருடன் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, பெட்டிக்குள் என்ன இருந்தது என்பதற்குச் சாட்சி கேட்கிறான். நேர்மையான தொண்டர்கள் ஆதாரம் இல்லை என்று கையை விரிக்கிறார்கள். விதி நியாயமானது, ஆனால் ஆதாரம் ஏகபோகத்தின் பூட்டுக்குள் இருக்கும்வரை அந்த நியாயமான விதியும் ஏகபோகத்துக்கே உதவுகிறது.

நம் நாட்டிலும் இதே நிலைதான். 1997 முதல் மருந்து விலை நிர்ணய ஆணையம் ஒன்று இருக்கிறது. அத்தியாவசியப் பட்டியலிலுள்ள மருந்துகளுக்கு அது உச்சவிலை வைக்கிறது. முன்பெல்லாம் உற்பத்திச் செலவைக் கணக்கிட்டு உச்சவிலை வைத்தார்கள். 2013 உத்தரவு இதைத் தலைகீழாக்கிவிட்டது. கம்பெனிகள் சந்தையில் விற்கும் விலைகளின் சராசரியை எடுத்து, அதன்மேல் கடைக்காரரின் பங்காக நூற்றுக்குப் பதினாறு சேர்த்தால் உச்சவிலை! பட்டியலில் இல்லாத மருந்துக்கோ ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்து உயர்த்திக்கொள்ளக் கம்பெனிக்கு அனுமதி. நம்முடைய கூலி ஆண்டுதோறும் நூற்றுக்குப் பத்து உயர்கிறதா, தோழர்களே?

செய்ய வேண்டியது என்ன?

முதலாவதாக, உச்சவிலையை உற்பத்திச் செலவின் அடிப்படையில் நிர்ணயிக்க வேண்டும். அந்தச் செலவுக் கணக்கைக் கம்பெனிகள் பகிரங்கமாக வெளியிட வேண்டும் என்று சங்கங்கள் தீர்மானம் போட்டு அனுப்ப வேண்டும்.

இரண்டாவதாக, பொதுத்துறை மருந்து ஆலைகளை உயிர்ப்பிக்க வேண்டும். சோவியத் உதவியோடு ரிஷிகேசத்திலும் ஐதராபாத்திலும் எழுந்த ஆலைகள் எப்படி நலிய விடப்பட்டன என்பது நாடறிந்தது. மொத்தமாகவும் பொதுப்பெயரிலும் வாங்கினால் மருந்து எவ்வளவு மலிவாகும் என்பதை, 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் காட்டியிருக்கிறது. சர்க்காரால் மலிவாக வாங்க முடிகிறது என்றால், சர்க்காரால் தயாரிக்கவும் முடியும்.

மூன்றாவதாக, சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் பொதுப்பெயரையும் எழுதித் தரும்படி டாக்டரைக் கேளுங்கள். ஆணையத்தின் உச்சவிலையைச் செல்போனிலேயே பார்க்கலாம். படித்த பிள்ளைகளை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த விலையும் அதற்குரிய வரியும் போக ஒரு காசு அதிகம் கேட்டாலும் புகார் கொடுங்கள்.

நான்காவதாக, அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை. தமிழ்க் கலைக்களஞ்சியத்தில் காசநோய், சர்க்கரை வியாதி, பஞ்சாலைத் தூசியால் வரும் மார்ச்சளி ஆகியவற்றைப் பற்றி எளிய தமிழில், கறாரான ஆதாரத்தோடு எழுதுங்கள். மருந்தைப் பற்றி எழுதும்போது அதன் விலையின் சரித்திரத்தையும் எழுதுங்கள். நம் பக்கம் நியாயம் இருக்கிறது என்பதற்காக ஆதாரமில்லாமல் எழுதாதீர்கள். எவராவது அழித்தால் சண்டை வேண்டாம். இன்னும் பலமான ஆதாரத்தோடு திரும்பி வாருங்கள்.

அறிவு பொதுச்சொத்து என்பதை அந்தத் தொண்டர்கள் நடைமுறையில் காட்டியிருக்கிறார்கள். அந்த அறிவால் விளைந்த மருந்தும் பொதுச்சொத்தாக வேண்டும். அதை அவர்களால் மட்டும் செய்ய முடியாது. அது ஸ்தாபனமாகத் திரண்ட உழைக்கும் மக்களின் கடமை. விலையின் ரகசியத்தை உடைப்போம், விலையையும் உடைப்போம்!