முறுமுறுக்கும் எஞ்சினுக்குச் செவிகொடுங்கள்



பள்ளி விடுமுறை தொடங்கியதும் சென்னை, பெங்களூரு, கோவை, திருப்பூர் ஆகிய நகரங்களில் பிழைக்கும் நம்மவர் குடும்பங்கள் பல, சொந்த வண்டியில் ஊருக்குப் புறப்படுகின்றன. சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தார் வாளையார் வழியாகவோ கோபாலபுரம் வழியாகவோ பாலக்காட்டுக்குள் நுழைகின்றனர். பீருமேடு, உடும்பன்சோலை, தேவிகுளம் தாலுகாக்களைச் சேர்ந்தவர்கள் கம்பத்திலிருந்து குமுளிக்கோ, போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கோ மலையேறுகின்றனர்.

இவ்வண்டிகளில் பல புதியவை அல்ல. 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 வண்டியின் உற்பத்தி 2014-இல் நின்றது. அம்பாசடர் உற்பத்தியும் அதே ஆண்டில் நின்றது. ஆகவே அவற்றுள் கடைசியாக வந்த வண்டியும் இன்று பத்து வயதைக் கடந்துவிட்டது. பதினைந்து ஆண்டு நிறைந்தபின் பதிவைப் புதுப்பித்துக்கொண்டு, அப்பா வாங்கிய வண்டி என்று பேணி ஓட்டுகிறவர்களும் உண்டு. அது தவறல்ல. ஆனால் வயதான வண்டி பேசும். அதன் பேச்சை அறியாதவன் இரண்டு விதத்தில் நஷ்டப்படுகிறான். ஒன்று, அற்பமான சத்தத்துக்குப் பயந்து பட்டறையில் பெருந்தொகையைக் கொட்டுகிறான். மற்றொன்று, அபாயமான சத்தத்தை அசட்டை செய்து, மனைவி மக்களோடு மலைப்பாதையின் நடுவில் நின்றுவிடுகிறான்.

எந்தச் சத்தத்தோடு ஊர்வரை போகலாம், எந்தச் சத்தத்துக்கு அந்த இடத்திலேயே நிற்க வேண்டும் என்பதைப் பகுத்தறிவதே காரியம். அதற்கு நீங்கள் மெக்கானிக்காக இருக்க வேண்டியதில்லை. மூன்று கேள்விகளை வரிசையாகக் கேட்டால் போதும்.

முதலாவது: சத்தம் எப்பொழுது கேட்கிறது?

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, எஞ்சினை மட்டும் ஓடவிட்டு ஆக்சிலேட்டரை மெல்ல மிதியுங்கள். சத்தம் அப்பொழுதும் வந்தால் அது பெரும்பாலும் எஞ்சினையோ அதை ஒட்டிய பாகங்களையோ சேர்ந்தது. வண்டி உருளும்போது மட்டும் வந்தால் சக்கரத்தின் பேரிங்கையோ, கியர்ப்பெட்டியையோ, அச்சையோ சந்தேகியுங்கள். கிளட்ச் பெடலை மிதித்தவுடன் சத்தம் தோன்றினால் கிளட்ச் பேரிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த ஒரு சோதனையே பாதிக் குழப்பத்தை நீக்கிவிடும்.

அடுத்து, குளிர்ந்த எஞ்சினா, சூடேறிய எஞ்சினா என்று கவனியுங்கள். காலையில் முதன்முதல் கிளப்பும்போது இரண்டு மூன்று நொடிகள் கடகடவென்று கேட்டு அடங்கினால், இரவில் கீழே இறங்கிய ஆயில் மறுபடியும் மேலே ஏறும் நேரம் அது. சில நிமிடங்கள் மத்தளம் போல் மெல்லத் தட்டிவிட்டு, சூடேறியதும் மறைந்தால், தேய்ந்த பிஸ்டன் சிலிண்டர்ச் சுவரில் தட்டுகிறது என்று எண்ணலாம். சூட்டில் பிஸ்டன் விரிந்து இடைவெளி குறைவதால் சத்தம் அடங்குகிறது. இது வயதின் அடையாளம். ஆயில் குறைவின்றி இருந்தால் இத்தகைய எஞ்சின் இன்னும் நெடுநாள் உழைக்கக்கூடும். இதற்கு மாறாக, குளிரில் அமைதியாயிருந்து சூடேற ஏறச் சத்தம் கூடினால் அது நல்லதல்ல. சூட்டில் ஆயில் இளகி, அதன் அழுத்தம் குறையும்போது, தேய்ந்த பேரிங் தன்னை வெளிப்படுத்துகிறது.

ஊருக்குப் போகும் பாதையும் உங்களுக்குச் சோதனைச்சாலையாக உதவும். பாலக்காட்டுக் கணவாய் மேற்குத் தொடர்ச்சி மலையின் பெரிய இடைவெளி. அங்கே சாலை ஏறக்குறையச் சமமாகச் செல்வதால் எஞ்சினுக்குப் பாரம் குறைவு. காற்றும் சக்கரங்களும் எழுப்பும் இரைச்சலில் எஞ்சினின் முறுமுறுப்பு மறைந்துபோகும். ஆனால் பாலக்காட்டின் கோடை வெயில் நாற்பது டிகிரியைத் தொடுவதுண்டு. ஆகவே அவ்வழியில் ரேடியேட்டர், தண்ணீர் பம்பு, விசிறி ஆகியவற்றின் குறைகள் முதலில் வெளிப்படும். முந்தலிலிருந்து போடிமெட்டுக்குச் செல்லும் பாதையோ பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்டது. அங்கே எஞ்சின் முழுப் பாரத்தையும் சுமக்கிறது. சமதளத்தில் ஒளிந்திருந்த பேரிங் தட்டும் நாக்கிங்கும் அங்கே வெளியே வரும்.

இரண்டாவது: சத்தம் எங்கிருந்து வருகிறது?

வாகனத்துக்குள் உட்கார்ந்து கேட்டால் எல்லாச் சத்தமும் ஒன்றுபோலவே இருக்கும். பானெட்டைத் திறந்து வெளியே நின்று கேளுங்கள். நீண்ட ஸ்குரூ டிரைவரின் முனையை எஞ்சினின் அசையாத பாகத்தில் ஊன்றி, கைப்பிடியைக் காதெலும்பில் வைத்துக் கேட்பது பழைய மெக்கானிக்குகளின் வழக்கம். சத்தம் பிறக்கும் இடத்தை நெருங்க நெருங்க ஒலி கூர்மையாகும். ஓடும் பெல்ட்டுக்கும் விசிறிக்கும் விலகியே இருங்கள். வேட்டி முனை, துப்பட்டா, சேலைத் தலைப்பு ஆகியவை அருகே வரக்கூடாது. பிள்ளைகளை அப்பால் நிறுத்துங்கள்.

எஞ்சினின் மேற்பகுதியில், தையல் இயந்திரம் ஓடுவது போல் மெல்லிய டிக் டிக் என்னும் ஒலி கேட்டால் அது பெரும்பாலும் டேப்பட் சத்தம். வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட், கிராங்க் ஷாஃப்ட் இருமுறை சுற்றும்போது ஒரே முறை சுற்றும். எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்று ஓடினால் கேம் 400 சுற்றே ஓடும். ஆகவே ஒரு டேப்பட் தளர்ந்தால், எஞ்சினின் வேகத்துக்குப் பாதியாக, நொடிக்கு ஆறேழு தட்டு கேட்கும். மாருதி 800 போன்ற வண்டிகளில் இந்த இடைவெளியை ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய தகட்டால் அளந்து சரிசெய்கிறார்கள். பெரிய வேலையன்று. ஆயினும் ஆயில் குறைந்தாலும் டேப்பட் சத்தம் எழும். எனவே பட்டறைக்குப் போகுமுன் ஆயில் குச்சியை இழுத்துப் பாருங்கள். சரிவில் நிற்கும் வண்டியில் ஆயில் அளவு பொய்யாகக் காட்டும். சமதளத்தில், எஞ்சினை நிறுத்திச் சில நிமிடம் கழித்தே பார்க்க வேண்டும்.

எஞ்சினின் முன்பக்கத்தில் கீச்சென்ற ஒலி, அதிலும் மழைக்காலக் காலையில் அல்லது ஹெட்லைட் போட்டவுடன் எழுந்தால், ஃபேன் பெல்ட் தளர்ந்தோ தேய்ந்தோ வழுக்குகிறது. ஆல்டர்னேட்டர், தண்ணீர் பம்பு ஆகியவற்றின் பேரிங் கெட்டால் கீச்சொலிக்குப் பதிலாக அரைக்கும் உறுமல் கேட்கும். பெல்ட்டைச் சிறிய காரியம் என்று எண்ணாதீர்கள். அம்பாசடர் போன்ற வண்டிகளில் அந்த ஒரே பெல்ட்தான் விசிறியையும் தண்ணீர் பம்பையும் சுழற்றுகிறது. ஏற்றத்தில் அது அறுந்தால் சில நிமிடங்களில் எஞ்சின் கொதித்துவிடும். பழைய அம்பாசடர்களில் கேமைச் சுழற்றுவது செயின். அது தளர்ந்தால் முன்பக்கத்தில் சலசலவென்று முன்னறிவிக்கும். மாருதி 800 வண்டியில் அவ்வேலையைச் செய்யும் டைமிங் பெல்ட்டோ பெரும்பாலும் யாதொரு எச்சரிப்பும் தராமலே அறும். அதைக் காதை நம்பாமல் கிலோமீட்டரை நம்பியே மாற்ற வேண்டும்.

எஞ்சினின் பக்கத்தில், சைலன்சர் குழாய் தொடங்கும் இடத்தில், புஸ் புஸ் என்றோ டிக் டிக் என்றோ கேட்டு, குளிரில் அதிகமாகவும் சூட்டில் குறைவாகவும் இருந்தால், அங்கே பேக்கிங் விட்டு புகை கசிகிறது. இதை டேப்பட் சத்தம் என்று தவறாக எண்ணி விட்டுவிடுகிறவர்கள் உண்டு. இங்கேதான் ஜாக்கிரதை தேவை. அப்புகையில் நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, பின்சீட்டில் பிள்ளைகள் தூங்கும் இரவுப் பயணத்தில் அது வண்டிக்குள் புகுந்தால் உயிருக்கே ஆபத்து. பயணத்தில் எல்லோருக்கும் ஒருசேரத் தலைவலியும் குமட்டலும் வந்தால் மலைப்பாதை மயக்கம் என்று விட்டுவிடாமல், வண்டியை நிறுத்தி எல்லோரையும் வெளியே இறக்குங்கள்.

மூன்றாவது: எதனோடு கூடுகிறது, எதனோடு குறைகிறது?

ஏற்றத்தில், உயர்ந்த கியரில் ஆக்சிலேட்டரை அழுத்தும்போது, தகர டப்பாவில் கோலிக்குண்டுகளைக் குலுக்குவது போன்ற ஒலி எழுந்து, கியரைக் குறைத்ததும் நின்றால் அது நாக்கிங். பெட்ரோல் முறையாக எரியாமல் சிலிண்டருக்குள் வெடிப்பதே அதன் காரணம். டைமிங் முந்தியிருத்தல், எஞ்சின் அதிகச் சூடு, உள்ளே படிந்த கரி ஆகியவை அதை உண்டாக்கும். பலமுறை குற்றம் ஓட்டுநருடையது. இரண்டாம் கியரில் ஏறவேண்டிய வளைவை மூன்றாம் கியரில் இழுப்பதே அது. நாக்கிங் ஓரிரு முறை கேட்டால் கியரை மாற்றுங்கள். தொடர்ந்தால் டைமிங்கைச் சரிபாருங்கள். பல மாதம் அசட்டை செய்தால் பிஸ்டனே உடையக்கூடும்.

டீசல் வண்டிக்காரர்கள் இங்கே குழம்ப வேண்டாம். டீசல் எஞ்சினுக்குத் தட்டல் இயல்பு. காலையில் அது கூடுதலாகவே இருக்கும். தோட்டத் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு தேனி மாவட்டத்திலிருந்து இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு மலையேறும் ஜீப்புகளின் சத்தம் நம்மவருக்குப் பழக்கமானதே. தினமும் கேட்ட சத்தத்திலிருந்து இன்று என்ன மாறியது என்பதே டீசலில் கேட்கவேண்டிய கேள்வி.

எல்லாவற்றிலும் பயப்பட வேண்டிய சத்தம் ஒன்று உண்டு. எஞ்சினின் அடிவயிற்றிலிருந்து, மரச்சுத்தியலால் தட்டுவது போல் டொக் டொக் என்று கனமாகக் கேட்பது அது. பாரம் கூடினால் கூடும். ஆக்சிலேட்டரைச் சட்டென்று விடும்போதும் சில நேரம் தெளிவாகக் கேட்கும். கனெக்டிங் ராடின் பேரிங் தேய்ந்ததற்கு அடையாளம் அது. பேரிங்குக்கும் கிராங்குக்கும் இடையே ஆயில் ஒரு மெல்லிய படலமாக நின்று இரும்பை இரும்பு தொடாதபடி காக்கிறது. அப்படலம் அற்றுப்போனால் பேரிங் அரைபட்டு, கிராங்க் கீறி, முடிவில் ராடு உடைந்து எஞ்சினின் சுவரையே துளைத்துவிடும். ஆரம்பத்தில் நின்றால் பேரிங்கோடு முடியும். இன்னும் இருபது கிலோமீட்டர்தானே என்று ஓட்டினால் எஞ்சின் முழுவதும் போகலாம். எந்தச் சிலிண்டர் என்று கண்டறிய, மெக்கானிக் ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்கின் இணைப்பாக நிறுத்திப் பார்ப்பார். எதை நிறுத்தும்போது தட்டல் குறைகிறதோ அதிலேயே குறை. மின்சாரம் பாய்கிற வேலையாதலால் அதை நீங்களே செய்ய வேண்டாம்.

உடனே நிற்க வேண்டியவை

டொக் டொக் என்ற கனத்த தட்டல், ஆயில் விளக்கு எரிவது, வெப்பமானியின் முள் சிவப்பைத் தொடுவது, இரும்போடு இரும்பு உராயும் சத்தம் ஆகிய நான்கில் ஒன்று வந்தாலும் பயணத்தைத் தொடராதீர்கள். வளைவில் நிற்காமல் அகன்ற இடம் பார்த்து ஒதுங்குங்கள். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, உடனே எஞ்சினை நிறுத்தி, அதன்பின் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். கொதிக்கும் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள்.

இறக்கத்தில் ஒரு காரியம். சத்தம் கேட்கிறதென்றோ, பெட்ரோல் மிச்சம் என்றோ ஓடும் வண்டியின் எஞ்சினை நிறுத்தி உருளவிடாதீர்கள். பூஸ்டர் உள்ள வண்டிகளில் எஞ்சின் நின்றபின் சில மிதிப்புகளில் பிரேக் கல்லாகிவிடும். சாவியை உருவினால் ஸ்டியரிங்கும் பூட்டிக்கொள்ளும். முதலில் நின்று, பிறகே அணையுங்கள்.

மெக்கானிக்கிடம் சொல்லும் முறை

பட்டறையில் போய், பேரிங் போய்விட்டது, மாற்றுங்கள் என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். நீங்கள் சொன்னதை மாற்றிக் கொடுத்து அவர் கூலி வாங்குவார். சத்தமோ அப்படியே இருக்கும். நீங்கள் கேட்டதை மட்டும் சொல்லுங்கள். குளிரிலா சூட்டிலா, நின்றா ஓடியா, ஏற்றத்திலா இறக்கத்திலா, எந்தக் கியரில், எப்பொழுதிலிருந்து என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். வந்து வந்து மறையும் சத்தமானால் செல்போனில் பதிவு செய்யலாம். கூடுமானால் மெக்கானிக்கைப் பக்கத்தில் அமர்த்தி ஓட்டிக் காட்டுங்கள். எஞ்சினைப் பிரிக்குமுன், பேட்டரித் தகடு, சைலன்சர் காப்புத் தகடு, நம்பர் பிளேட், எஞ்சின் மவுண்டிங் ரப்பர் ஆகியவை தளர்ந்திருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒரு போல்ட்டை முடுக்கினால் தீரும் சத்தத்துக்கு எஞ்சினை இறக்கியவர்கள் உண்டு.

பழைய வண்டி வாங்கப்போகும் சகோதரருக்கு ஒரு வார்த்தை. விற்பவர் எஞ்சினைச் சூடேற்றி வைத்துக் காட்டினால் காலைச் சத்தங்கள் கேட்காது. பானெட்டின் மேல் கை வைத்துப் பாருங்கள். சுட்டால், நாளைக் காலை வருகிறேன் என்று சொல்லித் திரும்புங்கள். கெட்டியான ஆயிலை ஊற்றிப் பேரிங் சத்தத்தை அடக்கி விற்பதும் நடக்கிறது. ஆகவே நன்றாகச் சூடேறும்வரை, ஒரு ஏற்றத்திலாவது ஓட்டிப் பார்த்தபின் விலை பேசுங்கள்.

ஊருக்குப் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னதாக, ஒரு காலையில் பாட்டை நிறுத்தி, கண்ணாடிகளை இறக்கி, சுவர் ஓரமாகப் பத்து நிமிடம் வண்டியை மெல்ல ஓட்டுங்கள். சுவர் சத்தத்தைத் திருப்பித் தரும். அன்று கேட்டதைச் சரிசெய்ய ஒரு வாரம் இருக்கிறது. பதினேழு வளைவுகளின் நடுவே கேட்டால், பசித்த பிள்ளைகளும் இருட்டும் வளைவும்தான் இருக்கும்.