யார் எங்கே இருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரிய வேண்டும்?

குடும்பத்தில் யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று கைபேசியில் பார்த்துக்கொள்ள எந்த ஆப் நல்லது என்று இந்த ஒரு மாதத்தில் மட்டும் நான்கு பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். தொலைபேசித் துறையில் 36 ஆண்டுகள் குப்பை கொட்டியவன் என்பதால் இதெல்லாம் எனக்குத் தெரிந்திருக்கும் என்று நம்புகிறார்கள். தெரியும்தான். ஆனால் நான் சொல்லும் பதில் யாருக்கும் பிடிப்பதில்லை. நேரில் சொன்னதையே இங்கேயும் எழுதிவைக்கிறேன். கோபப்படுகிறவர்கள் தாராளமாகக் கோபப்படலாம்.

இதற்கென்று தனியாக ஓர் ஆப் வேண்டாம். உங்கள் போனில் ஏற்கெனவே இருக்கிற வாட்ஸ்அப்பும் கூகுள் மேப்பும் போதும். அதையும் பயணம் போகும்போது போடுங்கள், போய்ச் சேர்ந்ததும் அணையுங்கள். இருபத்துநான்கு மணி நேரமும் ஒருவரைப் புள்ளியாக வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதற்குப் பாசம் என்று பெயர் வைக்காதீர்கள். எங்கள் இலாகாவில் அதற்குக் கண்காணிப்பு என்றுதான் பெயர். அதைச் செய்யக்கூட மேலிடத்து எழுத்து மூலமான உத்தரவு வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் வெளியூருக்குப் பேச டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். தலைபோகிற அவசரம் என்றால் லைட்னிங் கால், எட்டு மடங்கு கட்டணம். பம்பாய்க்கு வேலைக்குப் போன பையன் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தான் என்பது ஓர் அஞ்சலட்டையில் வந்து சேரும். அது பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. சாவுச் செய்தி கேட்டு ஓடிப்போய், காரியம் முடிந்த வீட்டில் நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் கைபேசியை நான் திட்டமாட்டேன்.

உபயோகமான இடத்தில் இது மகா உபயோகம். தைப்பூசத்துக்கு நம் ஊர் வழியாகப் பழனிக்கு எத்தனை ஆயிரம் பேர் நடக்கிறார்கள்! இங்கிருந்து சுமார் 60 கிலோமீட்டர். வீட்டிலிருந்து நாலு பேர் கிளம்பினால் பாதி வழி தாண்டுவதற்குள் நாலு பேரும் நாலு இடத்தில் இருப்பார்கள். இதற்கென்றே செய்ததுபோல வாட்ஸ்அப்பில் லைவ் லொக்கேஷன் இருக்கிறது. 2017இல் வந்தது. 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று மூன்றே கணக்கு. நேரம் முடிந்தால் தானாக நின்றுவிடும். நீங்கள் யாருக்கு அனுப்பினீர்களோ அவர்களைத் தவிர நடுவில் யாரும் பார்க்க முடியாதபடி பூட்டி அனுப்புகிறது. தானாக நிற்பதுதான் இதில் எனக்குப் பிடித்தது. மறுபடியும் வேண்டுமென்றால் மறுபடியும் கேட்க வேண்டும், அவர் மறுபடியும் கொடுக்க வேண்டும்.

கூகுள் மேப்பிலும் அதே 2017இல் இந்த வசதி வந்தது. (அதற்கு முன்பே 2009இல் லேட்டிட்யூட் என்று ஒன்றைக் கொண்டுவந்து 2013இல் மூடினார்கள். ஆகவே இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை.) இதில் ஒரு மணி நேரத்துக்கும் கொடுக்கலாம், ‘நான் நிறுத்தும்வரை’ என்றும் கொடுக்கலாம். எதிரில் இருப்பவருக்கு உங்கள் போனில் சார்ஜ் எவ்வளவு இருக்கிறது என்பதும் தெரியும். கொடைக்கானல் மலைப்பாதையில் மகன் வண்டி ஓட்டிக்கொண்டு வரும்போது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போன் செய்து அவன் கவனத்தைக் கலைப்பதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். ஆப்பிள் போன்காரர்களுக்கு ஃபைண்ட் மை என்று ஒன்று உண்டு. ஆனால் அது ஆப்பிளுக்கு ஆப்பிள்தான். நம் வீடுகளில் பேத்தி கையில் ஆப்பிள், தாத்தா கையில் ஆண்ட்ராய்டு.

ஒரு விஷயத்தை மட்டும் தெரிந்துகொள்ளாமல் இந்தப் புள்ளியை நம்பாதீர்கள். போன் தன் இடத்தைத் தெரிந்துகொள்வது ஒரு வேலை, அதை உங்களுக்கு அனுப்புவது வேறு வேலை. செயற்கைக்கோளைப் பார்த்து இடத்தைக் கண்டுபிடிக்க டவர் தேவையில்லை. ஆனால் கண்டுபிடித்ததை அனுப்ப டவர் வேண்டும், டேட்டா வேண்டும். சிறுமலை வளைவுகளில் சிக்னல் போய்விட்டால் புள்ளி கடைசியாகப் பார்த்த இடத்திலேயே நிற்கும். வண்டி நிற்காது, புள்ளிதான் நிற்கும். என் நண்பர் ஒருவர் இப்படி நின்ற புள்ளியைப் பார்த்து, பள்ளத்தில் விழுந்துவிட்டானோ என்று ஊரையே கூட்டிவிட்டார். பையன் அந்நேரம் ஒட்டன்சத்திரத்தில் டேட்டாவை அணைத்துப் போட்டுவிட்டுப் புரோட்டா தின்றுகொண்டிருந்தான். புள்ளியைத் தொட்டால் ‘இத்தனை நிமிடங்களுக்கு முன்’ என்று ஒரு வரி வரும். அதைப் படித்துவிட்டுப் பதறுங்கள். விலை குறைந்த போன்களில் பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று போனே இந்த ஆப்களைத் தூங்க வைத்துவிடும். புள்ளியைச் சுற்றி பெரிய நீல வட்டம் தெரிந்தால், அந்த வட்டத்துக்குள் எங்கேயோ என்று பொருள். டவர் நெருக்கமாக உள்ள டவுனுக்குள் வட்டம் சின்னது. வேடசந்தூர், குஜிலியம்பாறைப் பக்கம் காட்டுக்குள் போனால் ஊர் அளவுக்குக்கூட வரும்.

சரி, தனி ஆப்கள் ஏன் வேண்டாம்? உலகத்திலேயே பெயர்பெற்றது லைஃப்360 என்ற அமெரிக்க ஆப். குடும்பத்தின் பாதுகாப்புக்கென்றே வந்தது. 2021 டிசம்பரில் தி மார்க்அப் என்ற பத்திரிகை, இந்த நிறுவனம் குடும்பங்களின் இருப்பிட விவரத்தைத் தரவு வியாபாரிகளுக்கு விற்றுவந்ததை வெளியிட்டது. சத்தம் கிளம்பிய பிறகு 2022 ஜனவரியில் துல்லியமான இருப்பிடத்தை விற்பதைப் பெரும்பாலும் நிறுத்திக்கொள்வதாகச் சொன்னார்கள். பெயரும் விலாசமும் உள்ள பெரிய கம்பெனி கதையே இது. விளம்பரத்தைப் பார்த்து நம்மவர்கள் இறக்கிக்கொள்ளும் முகவரியில்லாத ஆப்களை யார் விசாரிக்கப் போகிறார்கள்? கூகுளும் யோக்கியம் என்று நான் சான்றிதழ் தரவில்லை. லொக்கேஷன் விவகாரத்தில் மக்களை ஏமாற்றியதாக அமெரிக்காவில் 40 மாநிலங்கள் நடத்திய விசாரணையில் 2022இல் 39.15 கோடி டாலர் கட்டி சமாதானமாகப் போன கம்பெனிதான் அது. ஆனால் அது ஏற்கெனவே உங்கள் போனில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு திருடன் போதாதென்று இரண்டாவது ஆளுக்கும் ஏன் கதவைத் திறக்க வேண்டும் என்பதே என் கேள்வி. பூட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர்க்காரர்கள் நாம். சாவியை மட்டும் யார் கேட்டாலும் கொடுத்துவிடுகிறோம்.

இதைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. எனக்குத் தெரிந்த குடும்பத்துப் பெண் வெளியூரில் விடுதியில் தங்கி வேலை பார்க்கிறாள். அவள் போனில் ‘நிறுத்தும்வரை’ என்று அப்பா போட்டுக்கொடுத்திருக்கிறார். ஏழு மணிக்கு ஏன் கடைவீதியில் இருந்தாய், அந்தத் தெருவில் என்ன வேலை, ஞாயிற்றுக்கிழமை யார் கூட என்று தினமும் ராத்திரி விசாரணை. அந்தப் பெண் என்ன செய்தாள் தெரியுமா? வெளியே போகும்போது போனை அறையிலேயே வைத்துவிட்டுப் போகிறாள். அப்பாவுக்குப் புள்ளி விடுதியில் பத்திரமாக இருக்கிறது. பெண் கையில் போன் இல்லாமல் பஸ்ஸில் போகிறாள். ஏதாவது ஒன்று என்றால் 112ஐ அழைக்கவோ, காவல் உதவி ஆப்பைத் தொடவோ வழி கிடையாது. பாதுகாப்புக்கென்று போட்டது, இருந்த பாதுகாப்பையும் பிடுங்கிக்கொண்டது. அவரிடம் சொன்னேன். “பொம்பளப் புள்ளைய அப்படி விட முடியுமா சார்?” என்றார். அவர் மகன் சென்னையில் இருக்கிறான். அவன் போனில் ஒன்றும் போடவில்லை. ஏன் என்று கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டார்.

ஜாமீனில் வந்த குற்றம் சாட்டப்பட்டவரிடம்கூடக் கேட்கக் கூடாததை நாம் பெற்ற பிள்ளையிடம் கேட்கிறோம். மிகையாகச் சொல்லவில்லை. போதைப்பொருள் வழக்கு ஒன்றில் நைஜீரியாக்காரர் ஒருவருக்கு ஜாமீன் கொடுத்த டெல்லி உயர் நீதிமன்றம், கூகுள் மேப்பில் தன் இடத்தை விசாரணை அதிகாரிக்குத் தெரியும்படி வைத்திருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டது. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் அபய் ஓகாவும் உஜ்ஜல் புயானும் அந்த நிபந்தனையை ரத்து செய்தார்கள். ஓயாமல் ஒருவரின் நடமாட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வழி செய்யும் ஜாமீன் நிபந்தனை, அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் அந்தரங்க உரிமையை மீறுகிறது என்பது தீர்ப்பு. அதே ஆண்டு அக்டோபரில் நம் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், மனைவிக்குத் தெரியாமல் கணவன் எடுத்த அவருடைய போன் அழைப்பு விவரங்களைச் சாட்சியமாக ஏற்க மறுத்தார். கணவன் மனைவிக்குள்ளும் அந்தரங்கம் உண்டு என்றார். அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் வேறொரு விவாகரத்து வழக்கில், ரகசியமாகப் பதிவு செய்த தம்பதியர் பேச்சைச் சாட்சியமாக எடுக்கலாம் என்றது. ஆகவே நீதிமன்றத்தில் இந்த வாதம் இன்னும் ஓடும். வீட்டுக்குள் நடப்பதற்குத் தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டுமா என்ன?

“நமக்கு என்ன சார் ரகசியம்? பென்ஷன் வாங்குற ஆளு” என்கிறார்கள் காலை நடை நண்பர்கள். அப்படியா? பேத்தி கல்யாணத்துக்காக அடகுக்கடைப் படி ஏறிய நாள், மகளுக்கு வரைபடத்தில் தெரிய வேண்டுமா? மருமகளுக்குச் சொல்லாமல் தங்கச்சி வீட்டில் சாப்பிட்டு வந்தது? பிள்ளைகளைக் கலவரப்படுத்த வேண்டாம் என்று மதுரைக்குத் தனியாகப் போய் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தது? இதெல்லாம் குற்றம் இல்லை. நாமாகச் சொல்லும்போது சொல்ல வேண்டியவை, அவ்வளவுதான்.

வெளிநாட்டில் இருக்கும் என் மகனும் கேட்டான். “அப்பா, உங்க போன்ல ஒண்ணு போட்டுத் தர்றேன், நான் பாத்துக்கிட்டே இருப்பேன்” என்றான். “சரிப்பா, உன் போன்லயும் போடு, நானும் பாத்துக்கிட்டே இருக்கேன்” என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு இருவரும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். நான் வெளியூர் கிளம்பினால் 8 மணி நேரம் போடுவேன். அவன் விமானம் ஏற வண்டியில் கிளம்பினால் போடுவான். மற்ற நாளில் போன் செய்து பேசுவது.

இதற்கெல்லாம் விலக்கு ஒன்று உண்டு. நினைவு தப்பிப்போகும் நோய் வந்தவர்கள். என்னோடு வேலை பார்த்த ஒருவர் பால் வாங்கப் போய் ரயில்வே ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு எப்போதும் ஓடும் லொக்கேஷன் வேண்டும். புத்தி தெளிவாக இருக்கும் நேரத்தில் அவரிடமே கேட்டுச் செய்ய வேண்டும். ஆனால் அன்றைக்கு அவர் போன் வீட்டு மேஜை மேல் இருந்தது. சட்டைப் பையில் மகன் நம்பர் எழுதிய அட்டை இருந்ததால்தான் போலீஸ்காரர் ஒருவர் கூப்பிட்டார். ஆப் போட்டுக் கொடுப்பவர்கள் அந்த அட்டையையும் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, எல்லாச் சட்டையிலும் வையுங்கள்.

இதைப் படித்துவிட்டு, பேரன் பேத்தி யார் துணையும் இல்லாமல் நீங்களே ஒன்று பார்க்கலாம். வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ் போய் பிரைவசி தொட்டால் கீழே லைவ் லொக்கேஷன் என்று இருக்கும். கூகுள் மேப்பில் வலது மேல் மூலையில் உங்கள் படத்தைத் தொட்டால் லொக்கேஷன் ஷேரிங் வரும். இரண்டிலும் உங்களை இப்போது யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற பட்டியல் இருக்கிறது. பக்கத்திலேயே நிறுத்தும் பொத்தானும் இருக்கிறது.