கண்ணுக்குத் தெரியாத காயம்

விரலில் கத்தி பட்டால் இரத்தம் தெரிகிறது. கால் முறிந்தால் மாவுக்கட்டு தெரிகிறது. மண்டோர் நம்புகிறார், நிர்வாகமும் நம்புகிறது. ஆனால் தலையில் அடிபட்டு, வெளியே ஒரு தழும்பும் இல்லாமல், ஆண்டுக்கணக்கில் அவதிப்படும் தொழிலாளியின் காயத்தை யார் நம்புகிறார்கள்?

விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பெரட்டுக்குப் போகிறார் ஒருவர். செம்மண் பாதையில் சக்கரம் சறுக்கி விழுகிறார். சிறிது நேரம் நினைவில்லை. மருத்துவமனையில் தலையைப் படம் பிடித்து, "ஒன்றுமில்லை" என்று நாலு நாள் லீவு கொடுத்து அனுப்புகிறார்கள். ஐந்தாம் நாள் கத்தியோடு நிரையில் நிற்கிறார். ஊரார் விபத்தை மறந்துவிடுகிறார்கள். அவருடைய தலை மட்டும் மறப்பதில்லை.

ஆண்டுகள் கடந்தும் தலைவலி விடவில்லை. பக்கத்து நிரைக்காரரின் தலைவிளக்கு கண்ணில் பட்டால் கூசுகிறது. குனிந்து நிமிர்ந்தால் கிறுகிறுப்பு. கத்தி ஆழமாக இறங்கி மரத்தில் காயம் விழுகிறது, ஏச்சு கிடைக்கிறது. வீட்டில் பிள்ளைகள் சிரித்து விளையாடினாலும் எரிச்சல். இதே அடி ஒரு கிராணியாருக்குப் பட்டிருந்தால், செக்ரோலில் எண்கள் தடுமாறும். ஒரே வரியைப் பலமுறை கூட்ட வேண்டிவரும். வெளியிலிருந்து பார்ப்பவர் சொல்வது ஒன்றே: "ஆள் நன்றாகத்தானே இருக்கிறான், நடிக்கிறான்."

நடிப்பல்ல, தோழர்களே! தலை வேகமாக மோதும்போது மண்டைக்குள் மூளை குலுங்குகிறது. இதையே மருத்துவர்கள் மூளை அதிர்ச்சி என்கிறார்கள். வழக்கமாக எடுக்கும் படம் எலும்பு முறிவையும் இரத்தக் கசிவையும் காட்டும். நுண்ணிய நரம்பிழைகள் பட்ட பாட்டைக் காட்டாது. பெரும்பாலோர் சில வாரங்களில் அல்லது மூன்று மாதங்களுக்குள் குணமடைகிறார்கள் என்பது உண்மை. ஒரு சிலருக்கு ஆண்டுகள் ஆகின்றன என்பதும் உண்மையே.

சந்தேகக் கண்ணும் புதிதல்ல. 1961ஆம் ஆண்டில் ஹென்றி மில்லர் என்ற பிரிட்டிஷ் நரம்பு மருத்துவர், விபத்துக்குப்பின் நீடிக்கும் இத்தகைய தொல்லைகள் பெரும்பாலும் நட்டஈடு கிடைத்ததும் நீங்கிவிடும் என்று எழுதினார். முதலாளிகளுக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கும் இதைவிட இனிப்பான செய்தி வேறு உண்டோ? பின்னர் வந்த ஆய்வுகளோ, வழக்கு முடிந்து பணம் கைக்கு வந்த பிறகும் பலர் துன்பப்படுவதைக் காட்டின. காசு வாங்கினால் தீர்ந்துபோகும் வலி அல்ல இது.

ஆகவே நாம் செய்யவேண்டியவை சில உண்டு. தலையில் அடிபட்டால் "சின்ன அடிதானே" என்று விட்டுவிடாதீர்கள். அன்றைக்கே நிர்வாகத்திடம் சொல்லிப் பதிவு செய்யுங்கள். தகவல் அறிந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். வேலைக்குப் போகும்போதும் வீடு திரும்பும்போதும் வழக்கமான வழியில் நேரும் விபத்துக்கும் சொக்சோ பாதுகாப்பு உண்டு. மருத்துவச் சீட்டு ஒவ்வொன்றையும் பத்திரப்படுத்துங்கள். தொல்லை நீடித்தால், எந்த நாளில் என்ன செய்தது என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்து டாக்டரிடம் காட்டுங்கள். பின்னாளில் மருத்துவ வாரியத்தின் முன் வாய்ச்சொல்லைவிட அந்த நோட்டு உதவும்.

அடிபட்டவருக்கு ஓயாத வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, மயக்கம், வலிப்பு கண்டால் ஒரு நிமிடமும் தாமதியாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். முழுக் குணம் வருமுன் மீண்டும் தலையில் அடிபடாமல் காப்பது மிக முக்கியம். தலைக்கவசத்தின் வாரைப் பூட்டாமல் வண்டியை எடுக்காதீர்கள்.

நிர்வாகத்தினரை நாம் கேட்பது சலுகை அல்ல. அடிபட்டவரை முதல்நாளே முழு நிரைக்கு அனுப்பாதீர்கள். குறைந்த வேலையில் தொடங்கி, உடல் ஏற்கும் அளவுக்குக் கூட்டுங்கள். மருத்துவர்கள் சொல்லும் முறையும் அதுவே.

கடைசியாக நமக்கு நாமே ஒன்று சொல்லிக்கொள்வோம். "நடிக்கிறான்" என்ற சொல் மானேஜர் வாயிலிருந்து வந்தால் சங்கம் எதிர்த்துப் பேசும். பக்கத்து வீட்டுக்காரர் வாயிலிருந்து வந்தால் எந்தச் சங்கம் பேசும்? அந்தச் சொல்லை இன்றே நம் லயங்களிலிருந்து வெளியேற்றுவோம்.