பதற்றத்துக்கும் மருத்துவம் உண்டு

பெங்களூரு ஓசூர் சாலையில் உள்ள நிம்ஹான்ஸ் என்றாலே, முற்றிய மனநோய்க்கான இடம் என்று நம்மில் பலர் ஒதுங்கிக்கொள்கிறோம். தூக்கமின்மைக்கும் படபடப்புக்கும் அங்கே போவதா என்று கேட்கிறோம். போகலாம், போக வேண்டும். அந்த நிறுவனம் 2015-16இல் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, பதற்றம், மனச்சோர்வு போன்ற பரவலான கோளாறுகள் உள்ளவர்களில் சுமார் 85 விழுக்காட்டினர் சிகிச்சையே பெறவில்லை. வேதனையான கணக்கு இது.

பதற்றம் வளர்வது தப்பித்தலில்தான். லிஃப்டில் மூச்சு முட்டியவர் படிக்கட்டைத் தேடுகிறார். மீட்டிங்கில் பேச நடுங்கியவர் கேமராவை அணைத்துவைக்கிறார். அந்த நொடி நிம்மதி கிடைக்கிறது. தப்பித்ததால் பிழைத்தோம் என்று மூளை கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை அச்சம் இன்னும் சீக்கிரம் வருகிறது. அறிவுசார் நடத்தைச் சிகிச்சை இந்தப் பிடியைத் தளர்த்துகிறது: அஞ்சும் எண்ணம் மெய்யா என்று சோதிப்பது, அஞ்சுவதைச் சிறுகச் சிறுக எதிர்கொள்வது. ‘தைரியமா இரு’ என்ற அறிவுரையால் இது நடக்காது. பயிற்சி பெற்றவர் கூட இருக்க வேண்டும். சிலருக்கு மருந்தும் தேவைப்படும். (தைராய்டு மிகையாகச் சுரந்தாலும் இதே படபடப்பு வரும், அதையும் பரிசோதித்துவிடுங்கள்.)

வேலைக்காக இந்த ஊருக்கு வந்து, வாடகை அறையில் தனித்திருக்கும் தமிழ்ப் பிள்ளைகளை நினைத்தே இதை எழுதுகிறேன். மனதில் உள்ளதைக் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ சொல்ல வரவில்லையே என்று தயங்காதீர்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மனாஸ் என்ற தொலைபேசி மனநலச் சேவையில் தமிழிலும் பேசலாம். கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். எண் 14416.