விளையாட்டு விமானமும் காப்பீடும்

காற்றாடி விடுகிறவன் காப்பீடு எடுப்பதில்லை. ஆகவே, மாதிரி விமானம் பறக்கவிடுவோர் மேனாடுகளில் சங்கம் அமைத்து, ஆண்டுச் சந்தா கட்டி, அந்தச் சந்தாவோடு காப்பீடும் பெறுகிறார்கள் என்று சொன்னால் நம்மில் பலருக்குச் சிரிப்பு வரும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற பழமொழியும் நினைவுக்கு வரும். அந்தச் சிரிப்பு பொருத்தமற்றது என்பதே என் கருத்து. காற்றாடியை மட்டும் என்ன சொல்ல? சென்னையில் மாஞ்சா நூல் அறுத்த கழுத்துகளை நாளேடுகளில் படித்தவர்கள் நாம்.

இங்கே பேசப்படுவது சாவி கொடுத்தால் கூடத்தில் ஓடும் பொம்மை அன்று. பால்சா மரத்தாலோ நுரைப் பலகையாலோ செய்து, சிறு எஞ்சினோ மின்மோட்டாரோ பொருத்தி, தரையிலிருந்தபடியே வானொலி அலையால் இயக்கும் விமானம். இரண்டு கிலோ எடையுள்ள மாதிரி ஒன்று மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் வந்து மோதுவதும், இரண்டு கிலோ எடைக்கல் 20 மீட்டர் உயரத்திலிருந்து தலையில் விழுவதும் ஆற்றல் கணக்கில் ஏறக்குறைய ஒன்றே. இயற்பியல் மாணவர்கள் சரிபார்த்துக்கொள்ளலாம். மூக்கில் சுழலும் விசிறியை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

1979 டிசம்பர் 9 அன்று நியூயார்க் நகரின் ஷே ஸ்டேடியத்தில் அமெரிக்கக் கால்பந்தாட்டம் ஒன்று நடந்தது. இடைவேளையில் கூட்டத்தை மகிழ்விக்க மாதிரி விமானங்களைப் பறக்கவிட்டார்கள். அவற்றுள் ஒன்று புல்வெட்டும் இயந்திரத்தின் வடிவில் செய்யப்பட்டது. எடை ஏறத்தாழ 18 கிலோ. அது கட்டுக்கடங்காமல் போய்ப் பார்வையாளர்கள் நடுவே விழுந்தது. இருவர் படுகாயமுற்றனர். அவர்களில் இருபது வயது இளைஞர் ஒருவர் பின்னர் உயிரிழந்தார். ஆட்டம் பார்க்க வந்தவர், அவ்வளவே.

இப்படி ஒன்று நேர்ந்துவிட்டால் என்ன செய்வது? பொதுவாக இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் கோடீசுவரர்கள் அல்லர்; தொழிலாளி, ஆசிரியர், மாணவர் எனச் சாதாரண மனிதர்கள். கவனக்குறைவே காரணம் என்று நீதிமன்றம் முடிவு செய்து பெருந்தொகையை இழப்பீடாக விதித்தால், அவர்கள் வீட்டை விற்றாலும் போதாது. மகனை இழந்த குடும்பத்துக்குத் தீர்ப்பின் நகல் மட்டுமே கையில் மிஞ்சும்.

இந்த இடத்தில்தான் சங்கம் வருகிறது. அமெரிக்காவில் 1936இல் தோன்றிய அகாடமி ஆஃப் மாடல் ஏரோநாட்டிக்ஸ், தன் உறுப்பினரால் பிறருக்கு விளையும் சேதத்துக்கு 25 லட்சம் டாலர் வரை காப்பீடு தருகிறது. உறுப்பினருக்கு வீட்டுக் காப்பீடு இருந்து, அது இந்த விபத்துக்கும் பொருந்துமானால், முதலில் அது கொடுக்கவேண்டும். போதாததைக் கழகத்தின் காப்பீடு ஏற்கும். பிரிட்டனில் 1922இல் தொடங்கி, இப்போது பிரிட்டிஷ் மாடல் ஃப்ளையிங் அசோசியேஷன் என்று வழங்கும் சங்கத்தில் இந்த வரம்பு 2.5 கோடி பவுண்டு. ஆயிரக்கணக்கானோர் சிறு தொகை போட்டு யாரோ ஒருவரின் பெருந்துன்பத்துக்குச் சேர்த்து வைக்கிறார்கள். சீட்டுப் பணம் ஒருநாள் கைக்கு வரும். மொய்ப் பணமும் திரும்பும். இதில் போட்ட பணம் திரும்பாமலிருப்பதே பாக்கியம்!

பிரிட்டனில் 20 கிலோவுக்குட்பட்ட மாதிரியைப் பொழுதுபோக்குக்காகப் பறக்கவிட, காப்பீடு வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. அங்கே சட்டம் கேளாததைச் சங்கம் தானே கேட்டு வாங்குகிறது. ஜெர்மனியிலோ சட்டமே கட்டாயமாக்கியிருக்கிறது.

காப்பீடு இருந்தால் பொறுப்பு குறைந்துவிடாதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று ஆகிவிடும் என்பது அவர் வாதம். தனியாகக் கடையில் பாலிசி வாங்குகிறவனைப் பற்றி இது உண்மையாகலாம். சங்கத்தில் அப்படியில்லை. ஆட்களின் தலைக்கு மேல் பறக்கவிடக்கூடாது, மது அருந்தியவன் இயக்கக்கூடாது, விமானத்தில் உரியவரின் அடையாளம் இருக்கவேண்டும் என்றெல்லாம் விதிகள் உண்டு. விதியைக் காட்டிலும் வலியது பக்கத்தில் நிற்கும் உறுப்பினரின் கண். ஒருவன் செய்த பிழைக்கு எல்லாருடைய சந்தாவும் ஏறும் என்று தெரிந்தவர் அவர்.

முன்பெல்லாம் ஒரே அலைவரிசையில் இருவர் கருவியை இயக்கினால் விமானம் தறிகெட்டு விழும். அதற்காகத் திடலில் ஒரு பலகை மாட்டி, அலைவரிசைக்கு ஒரு கவ்வி வைத்திருப்பார்கள். கவ்வியைக் கையில் எடுத்தவரே கருவியை முடுக்கலாம், மற்றவர் காத்திருக்கவேண்டும். இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் அந்தப் பலகையைத் தேவையற்றதாக்கிவிட்டன. ஆயினும் அந்தக் காத்திருப்பைக் கற்றுக்கொடுத்தது எந்தக் காப்பீட்டு நிறுவனமும் அன்று, சங்கம்தான். திடலுக்கு நிலம் கொடுக்கும் உழவரின் பெயரையும் நகராட்சியின் பெயரையும் அமெரிக்கக் கழகத்தின் காப்பீட்டில் சேர்த்துக்கொள்ள வழியுண்டு. இல்லையேல் தன் வயலை யார் கொடுப்பார்?

ஒன்றை மட்டும் என் மனம் ஏற்கவில்லை. விதியை மீறிப் பறக்கவிட்டால் காப்பீடே கிடைக்காமல் போகலாம் என்று உறுப்பினரை எச்சரிக்கிறார்கள். மீறியவனுக்கு அது சரியான தண்டனை. அடிபட்டவர் என்ன பாவம் செய்தார்?

இதில் நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் போக்கு மேலானது. ஓட்டுநரிடம் செல்லத்தக்க உரிமம் இல்லாதபோதும், காப்பீட்டு நிறுவனம் முதலில் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்துவிட்டுப் பின்னர் வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று நம் நீதிமன்றங்கள் பல வழக்குகளில் தீர்ப்பளித்திருக்கின்றன. 2021 ஆகஸ்டில் வெளிவந்த டிரோன் விதிகள், 250 கிராமுக்கு மேற்பட்ட ஆளில்லா விமானங்களுக்கு மூன்றாமவர் காப்பீடு வேண்டும் என்றும், 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் விதிகள் அதற்கு ஏற்ற மாறுதல்களோடு பொருந்தும் என்றும் கூறின. அடிபட்டவரின் பக்கம் நிற்கும் சட்டம் நம்மிடம் இருக்கிறது. பக்கத்தில் நின்று பார்க்கும் கண்தான் வேண்டும்.

தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் மாதிரி விமானக் கலை ஒரு பயிற்சியாகவே உள்ளது. கல்லூரிகளில் மாணவர் சங்கம் தொடங்க அதைவிடத் தகுந்த இடம் எனக்குத் தோன்றவில்லை. பயிற்சி அலுவலர் ஒருவர் தலைமையில் பத்துப் பேர் சேரட்டும். சந்தாவில் ஒரு பங்கு காப்பீட்டுக்குப் போகட்டும். மாலையில் மைதானம் வேண்டும் என்று அவர்கள் முதல்வரிடம் விண்ணப்பம் கொண்டுபோகும்போது, வேலிக்கு அப்பால் ஆடு மேய்க்கும் அம்மாவின் தலையில் விழுந்தால் யார் பொறுப்பு என்று அவர் கேட்கட்டும். அந்தக் கேள்விக்கு விடை எழுதிய தாள் விண்ணப்பத்தோடு இணைக்கப்பட்டிருந்தால் மைதானத்தைத் தாராளமாகக் கொடுக்கலாம்.